தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஆறு உருண்டை

எங்கள் வம்சத்தில் நின்றுகொண்டு சாப்பிட்டவர் கிடையாது. பாய் விரிக்க வேண்டும், சம்மணமிட்டு உட்கார வேண்டும், ஜெபம் சொல்ல வேண்டும், பிறகுதான் கை தட்டுக்குப் போக வேண்டும். நடந்துகொண்டே வாழைப்பழம் தின்ற ஒருவனை என் அப்பா ஒரு வாரம் பந்தியில் சேர்க்கவில்லை. அவருக்குப் பிறகு குடும்பத் தலைவர் பட்டம் எனக்கு வந்தது. பதினெட்டு வருடமாக அதைச் சுமக்கிறேன். அப்படிப்பட்ட நான், கொரோனா வருடத்தில், ஏறக்குறைய ஏழு வாரம் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு தின்றேன். ஊரில் இதை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். எங்கள் குடும்பக் கதையை அடுத்தவர்கள் தப்பும் தவறுமாகச் சொல்வதை என்னால் பொறுக்க முடியாது. அதனால் நானே எழுதுகிறேன்.

என் கடைசி மகள் மரேத்தாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பளு தூக்குகிறவள். எங்கள் தீவின் தலைநகர் ஆப்பியாவில் ரொபாத்தி நடத்தும் கூடத்தில் ஐந்து வருடமாகப் பயிற்சி. மார்ச் மாதம் கூடத்தை மூடச் சொன்னார்கள். விமானங்கள் நின்றன, போட்டிகளும் நின்றன. ரொபாத்தி தன் வேனில் ஒரு கம்பியையும் இரும்புத் தட்டுகளையும் ஒரு தராசையும் ஏற்றிவந்து எங்கள் வீட்டில் இறக்கினான்.

"விருந்தாளிங்க உக்கார்ற பெரிய வீட்டுக்குள்ள இரும்பு போடக் கூடாது," என்றேன்.

"அப்ப எங்கப்பா போடுறது? கடல்லயா?" என்றாள் மரேத்தா.

கடைசியில் வீட்டுக்குப் பின்னால் இடம் காட்டினேன். சூட்டுக் கற்களின் மேல் கிழங்கும் பன்றியும் வேகும் எங்கள் உமு அடுப்புக்கு ஆறடி தள்ளிப் பலகை போட்டார்கள். அது எவ்வளவு பெரிய தப்பு என்று ஆகஸ்டில் தராசு சொன்னது. எழுபத்தாறு கிலோ பிரிவில் தூக்குகிறவள் எண்பது இருந்தாள்.

அந்த நேரத்தில்தான் செய்தி வந்தது. அக்டோபரில் தீவுகளுக்குள் ஒரு போட்டி. யாரும் எங்கும் போக வேண்டாம், அவரவர் இடத்தில் கேமராவுக்கு முன்னால் எடை பார்த்து, அங்கேயே தூக்க வேண்டும். நடுவர்கள் வேறு நாட்டிலிருந்து திரையில் பார்ப்பார்கள். முதல் மூன்று பேருக்குள் வந்தால் நாட்டு அணியில் இடம். மரேத்தா இதற்கு முன் இரண்டு முறை நான்காவதாக வந்தவள். எழுபத்தாறுக்கு மேல் நூறு கிராம் கூடினாலும் கம்பியைத் தொட விடமாட்டார்கள்.

ரொபாத்தி ஒரு விதி வைத்தான். அவனிடம் பயிலும் எட்டுப் பேரும் தினமும் சாயங்காலம், அன்று தின்றதையெல்லாம் ஒளிக்காமல் போனில் எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். எனக்கு இது தெரியாது. ஒருநாள் ஈரப்பலா மரத்தடியில் அவள் போனை வாயருகே வைத்துப் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"நான் மரேத்தா. காலைல மூணு முட்டை, பப்பாளி. மத்தியானம் மீனு. அப்புறம் ஒரு பாவம். அம்மா தேங்காய்ப்பால் சட்டியக் கழுவுறதுக்கு முன்னாடி நான் கழுவிட்டேன். நாக்கால."

போனுக்குள் ஏழு பேர் சிரித்தார்கள். "சட்டியில அடி இருக்கா, அதுவும் போச்சா?" என்றது ஒரு குரல்.

நான் போய் முன்னால் நின்றேன். "நம்ம வீட்டுச் சட்டிய ஊர் முழுக்கக் கவுக்கிறியா? இந்தக் குடும்பத்துக்குன்னு ஒரு மரியாதை இருக்கு."

"சட்டிய நக்கினது தப்பா, சொன்னது தப்பாப்பா?"

"சொன்னதுதான்!"

என் மனைவி சுலு அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள். "கேட்டுக்க மரேத்தா. நக்கலாமாம். அப்பாவே அனுமதி குடுத்துட்டாரு."

எனக்குக் கோபம் இருந்தது உண்மை. ஆனால் மறுநாளும் அந்த நேரத்துக்கு அந்த மரத்துப் பக்கம் ஏதோ வேலை இருப்பதுபோலப் போய் நின்றேன். ஒவ்வொரு நாளும் நின்றேன். ஒரு கவளம்கூட அவள் ஒளித்ததில்லை. விடிகாலையில் தனியாக எழுந்து பலகையில் ஏறுவாள். கம்பி உரசி உரசி அவள் முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்திருக்கும். எல்லை மூடியதால் கையில் பூசும் சுண்ணக்கட்டி வரவில்லை. ரொபாத்தி கொடுத்த பாதிக் கட்டியை நாலு மாதம் வைத்துத் தேய்த்தாள். ஆறடி தள்ளி அடுப்பில் பன்றி வேகும்போது முகத்தைத் திருப்பாமல் மூச்சை இழுத்துப் பிடித்துக் கம்பியைத் தூக்குவாள். எங்கள் முன்னோர் எதிரிப் படகுகளுக்கு முன்னால் நின்ற கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். அவர்கள்கூட வெந்த பன்றிக்கு முன்னால் நின்றிருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

இதெல்லாம் ஊர்சபையில் செஃபோ வாயைத் திறக்கும்வரை நன்றாகத்தான் போனது. செஃபோ என் சித்தப்பா மகன். என் பட்டம் தனக்கு வந்திருக்க வேண்டும் என்று இன்றும் நினைப்பவன்.

"தலைவரே, உங்க பொண்ணு வத்திக்கிட்டே வர்றாளே! தோட்டத்துல கிழங்கு வெளையலயா? சொல்லுங்க, நம்ம வீட்டுலேர்ந்து ஒரு கூடை அனுப்புறேன்."

சிரிப்பு எழுந்தது. நானும் எழுந்தேன். "எங்களுக்குக் கிழங்குக்கும் பஞ்சமில்ல, கட்டுப்பாட்டுக்கும் பஞ்சமில்ல. என் மக தராசுல ஏறி எழுபத்தாறுக்குள்ள வர்ற வரைக்கும் தேங்காய்ப்பால், பன்னி, எண்ணெய்ல பொரிச்சது எதையும் நானும் தொட மாட்டேன். மீறினா சபைக்கு அபராதம் கட்டுறேன்."

சபையில் பட்டக்காரன் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது. வீட்டில் சுலு கேட்டாள்: "யாரு உங்களக் கேட்டா?"

மரேத்தா மட்டும் என் கையைப் பிடித்து, "எனக்காகவாப்பா?" என்றாள். அந்தக் கேள்விக்காக ஏழு வருடம்கூட விரதம் இருக்கலாம் என்று தோன்றியது.

இரண்டு நாள் இருந்தேன்.

மூன்றாம் நாள் காலை தோட்டத்துக்குப் போகும் வழியில், முக்குரோட்டில் லங்கியின் கடை. மைதாவில் வாழைப்பழத்தைப் பிசைந்து எண்ணெயில் உருட்டிப் போடும் பானிகேகே. காற்று என் பக்கமாக அடித்தது. தப்பு காற்றின் மேல்தான்.

"பெரியவரே, விரதம்னு கேள்விப்பட்டேனே," என்றாள் லங்கி.

"தோட்டத்து ஆளுங்களுக்கு. ஆறு குடு."

"ஆறா? எத்தனை ஆளு?"

"குடுன்னா குடு."

"சரி சரி. தொட்டிக்குப் பின்னால நெழலா இருக்கும். ஆளுங்க அங்க நின்னு சாப்பிடட்டும்."

அன்று தொடங்கி ஞாயிறு தவிர எல்லா நாளும் ஆறு உருண்டை. வீட்டுக்கு வந்து மகளோடு உட்கார்ந்து வேகவைத்த மீனும் பப்பாளியும் முகம் சுளிக்காமல் தின்றேன். "அப்பாவப் பாரு, எவ்ளோ கட்டுப்பாடு!" என்று அவள் ரொபாத்தியிடம் சொல்வாள். தராசுப் பக்கம் மட்டும் நான் போகவில்லை.

அவள் இறங்கிக்கொண்டே வந்தாள். எழுபத்தெட்டு. எழுபத்தேழு. போட்டி திங்கட்கிழமை காலை. அதற்கு முந்தின நாள் வெள்ளை ஞாயிறு.

வெள்ளை ஞாயிறு என்றால் எங்களுக்குச் சாதாரண நாளல்ல. வருடம் முழுக்கப் பெரியவர்கள் முதலில் தின்போம், பிள்ளைகள் காத்திருப்பார்கள். அன்று ஒருநாள் மட்டும் பிள்ளைகள் வெள்ளை உடுத்திப் பந்தியில் முதலில் உட்கார, அப்பா அம்மா கையால் பரிமாற வேண்டும். கல்யாணம் ஆகாதவரை மரேத்தாவும் பிள்ளைதான். அப்பா நீட்டிய தட்டை அன்று பிள்ளை மறுக்கக் கூடாது. வைத்ததை மிச்சம் வைக்கவும் கூடாது.

அன்று காலை தராசு எழுபத்தாறு கிலோ இருநூறு கிராம் காட்டியது.

"கவலப்படாதீங்கய்யா," என்றான் ரொபாத்தி. "ஒரு துண்டு மீனு, அரை டம்ளர் தண்ணி. படுத்து எந்திரிச்சா முந்நூறு கிராம் தானா போயிடும். அதுக்கு மேல ஒரு வாய்கூட வேணாம்."

மீன் துண்டை நானே தனியாக எடுத்து வைத்திருந்தேன். ஆலயத்திலிருந்து வந்து, பிள்ளைகள் இருபத்து மூன்று பேர் பெரிய வீட்டில் வரிசையாக உட்கார்ந்தார்கள். பாதிரியார் வந்திருந்தார். உறவு முழுக்கச் சுற்றி நின்றது. நான் தட்டுகளோடு வரிசையில் நடந்தேன். மரேத்தாவின் முன்னால் குனிந்தபோது செஃபோவின் குரல் கேட்டது.

"என்ன தலைவரே! அடுத்த வீட்டுப் புள்ளைக்கெல்லாம் பன்னி, சொந்த மகளுக்கு ஒத்த மீனா? வெள்ளை ஞாயிறு அதுவுமா!"

பாதிரியார் திரும்பிப் பார்த்தார். என் முதுகு நிமிர்ந்தது. அந்த முதுகுதான் எனக்கு எப்போதும் சத்துரு. மீன் தட்டைக் கீழே வைத்தேன். பெரிய தட்டு எடுத்தேன். பன்றியின் முதுகுக் கறி, சேம்பிலையில் தேங்காய்ப்பால் கட்டிச் சுட்டது இரண்டு, கிழங்கு நாலு துண்டு. இரண்டு கிலோ இருக்கும். எல்லோரும் பார்க்க நீட்டினேன்.

அவள் தட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. ஐந்து வருட உழைப்பை நான் அந்தத் தட்டில் வைத்து நீட்டுகிறேன் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இருந்தும் கையை இழுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை. அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

பிள்ளைகளில் மூத்தவள் எழுந்து நன்றி சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். அந்த வரிசையில் மூத்தவள் மரேத்தாதான். தட்டோடு எழுந்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். என் பாவம் எல்லாம் ரொபாத்தி அண்ணனுக்குத் தெரியும். உங்களுக்கும் சொல்லிடறேன். ஏப்ரல்ல பாதி டின் கறிய ராத்திரி கரண்டியால தின்னுட்டு பூனை மேல பழி போட்டேன். ஜூன்ல அம்மா பாதிரியாருக்குன்னு எடுத்து வச்ச கேக்குல அடிப்பக்கமா சுரண்டித் தின்னேன். மன்னிச்சிருங்கய்யா."

"அதான் சாய்ஞ்சு இருந்துச்சா!" என்றார் பாதிரியார். வீடே சிரித்தது.

"இந்த ஏழு வாரம் மட்டும் நான் தப்பு பண்ணல. ஏன்னா தப்பு பண்ணத் தோணும்போதெல்லாம் எங்கப்பாவ நெனச்சுக்குவேன். பட்டக்காரரு, பெரிய மனுஷன், எனக்காக வாயக் கட்டினாரு. அவரு குடுக்கிற தட்டு இது. சந்தோஷமா சாப்பிடுறேன்."

உட்கார்ந்து கிழங்கில் கை வைத்தாள்.

என் வாயிலிருந்து சத்தம் வந்தது எனக்கே தெரியவில்லை. "நிறுத்து!"

எல்லோரும் திரும்பினார்கள். நான் தட்டை அவள் கையிலிருந்து எடுத்தேன்.

"நான் வாயக் கட்டல," என்றேன். "மூணாம் நாளே அவுத்துட்டேன். லங்கி கடையில, தெனம் ஆறு பானிகேகே. தண்ணித் தொட்டிக்குப் பின்னால. நின்னுக்கிட்டு."

'நின்றுகொண்டு' என்றதும் என் அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். செஃபோவின் முகம் தேங்காய் உடைத்தது போல மலர்ந்தது.

"இந்த வீட்டுல கட்டுப்பாடு ஒருத்திகிட்டத்தான் இருந்துச்சு. அவளுக்கு மீனு போதும். இந்தத் தட்டு என்னோடது."

பிள்ளைகளுக்கு நடுவே அவள் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். வெள்ளை ஞாயிறன்று பிள்ளைகளோடு பந்தியில் உட்கார்ந்த பட்டக்காரன் எங்கள் ஊரில் நான் ஒருவன்தான். மீன் தட்டை அவள் முன்னால் தள்ளினேன். அவள் தலை குனிந்துகொண்டாள், தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்தேன்.

"அப்பா," என்றாள் மெதுவாக, சிரிப்பை அடக்க முடியாமல். "எனக்கு முதல் வாரமே தெரியும். உங்க மீசையில வாழைப்பழம் ஒட்டியிருந்துச்சு."

"அப்ப ஏன் சொல்லல?"

"நான் சொல்றதா? அது உங்க பாவமாச்சே. நீங்கதான சொல்லணும்."

மறுநாள் விடுமுறை. காலை எட்டு மணிக்கு ரொபாத்தி கேமராவைக் கட்டினான். என் உத்தரவுப்படி பலகையையும் இரும்பையும் பெரிய வீட்டுக்குள், விருந்தாளிகள் உட்காரும் இடத்திலேயே போட்டிருந்தார்கள். கீழே பாய்க்குப் பதில் இரண்டு அடுக்கு ரப்பர். தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, "ஐயா, சும்மா ஒரு தடவ ஏறுங்க," என்றான் ரொபாத்தி. தப்பிக்க வழியில்லை. ஏறினேன். நூற்றுப் பத்தொன்பது.

"விரதம் இருந்து எட்டு கிலோ ஏறின ஆளு உலகத்துலயே நீங்கதான்," என்றாள் சுலு.

மரேத்தா ஏறினாள். எழுபத்தைந்து கிலோ தொள்ளாயிரம். திரையில் இருந்த நடுவர் பெண் தலையசைத்தாள்.

மதியத்துக்குள் எல்லாத் தீவுகளிலும் மற்றவர்கள் தூக்கி முடித்தார்கள். மரேத்தாவுக்கு ஒரே ஒரு முயற்சி பாக்கி. அப்போதும் நான்காவது இடம்தான். ரொபாத்தி காகிதத்தைப் பார்த்துவிட்டு, "மூணாவது வரணும்னா நூத்திப் பதினெட்டு போதும்," என்றான்.

மரேத்தா கடைசித் துளிச் சுண்ணத்தைக் கையில் தேய்த்தாள். "பத்தொன்பது போடுங்கண்ணே."

"எதுக்கு? இது வரைக்கும் பதினேழுதான தூக்கியிருக்க!"

"பத்தொன்பதுதான் எங்கப்பா. அவரத் தூக்குற பழக்கம் எனக்கு இருக்கு."

குனிந்தாள். கம்பி நெஞ்சுக்கு வந்தது. அங்கேயே நின்றது. அவள் கழுத்து நரம்புகள் எங்கள் படகுக் கயிறு போலப் புடைத்தன. ஒரு காலை முன்னால் எறிந்து தலைக்கு மேல் ஏற்றினாள். கைகள் நடுங்கவில்லை. பின்னங்காலை இழுத்து நேராக நின்றாள். திரையில் அவள் பெயர் மூன்றாவது இடத்துக்கு ஏறியது. வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த செஃபோ, எல்லோருக்கும் முன்னால், தொண்டை கிழிய எங்கள் குடும்பப் பெயரைச் சொல்லிக் கூவினான். அவனை அன்று முழுவதுமாக மன்னித்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை சபையில் என் அபராதத்தை நானே சொன்னேன்: ஒரு பெரிய பன்றி. யாரும் குறைக்கச் சொல்லவில்லை. அன்று மாலையே அது உமுவில் வெந்தது, ஊர் முழுக்க உட்கார்ந்தது. முதல் தட்டு எனக்கு வந்தது, வழக்கப்படி. அதை எடுத்துப்போய் மரேத்தாவின் முன்னால் வைத்தேன்.

அவள் முழுத் தட்டையும் தின்றாள். பிறகு போனை எடுத்தாள்.

"நான் மரேத்தா. இன்னிக்கு அபராதம் தின்னேன். எங்கப்பாவோடது."