டாஸ்மேனியாவில் தங்கிவிட்ட என் கார்

மின்சாரக் கார் வாங்கிய புதிதில் என்னைச் சகித்துக்கொண்ட எல்லோருக்கும் நன்றி. ஆஸ்திரேலியாவில் எங்கள் ஊரான டிரரால்கனில் பெட்ரோல் பங்க்கைக் கடக்கும்போது வேகத்தைக் குறைத்து, வரிசையில் நிற்பவர்களை இரக்கத்தோடு பார்ப்பேன். எங்கள் சமையலறை ஜன்னலில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். பழுப்பு நிலக்கரி அங்கேதான் எரிகிறது. என் கார் குடிக்கும் மின்சாரம் எங்கிருந்து வருகிறதென்று நான் யோசித்ததில்லை. யோசித்தால் பெருமை குறைந்துவிடும்.

ஈஸ்டருக்குக் காரையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு டாஸ்மேனியா போனோம். என் மனைவி ரோண்டாவின் அக்கா மெர்ல் அங்கே நர்ஸ். மலையோரக் கிராமங்களில் வீடுவீடாகப் போய் முதியவர்களுக்குக் கட்டுப் போடுகிறவள். ஓட்டுவது ஒரு பழைய டீசல் பிக்கப்.

ஆட்டுக்கறி ரோஸ்ட்டைக்கூட ஆறவிட்டு நான் உபதேசத்தை ஆரம்பித்தேன்.

"அக்கா, இந்தப் புகை வண்டிய வச்சுக்கிட்டு எப்படித்தான் தூங்குறீங்க? உங்க ஊர் கரன்ட் அணைல தேங்குற மழைத்தண்ணில வருது. இங்க மின்சாரக் கார் ஓட்டுனா புகைங்கிற பேச்சே இல்ல. எங்க ஊர் மாதிரியா? அங்க..."

நிறுத்தினேன். கொஞ்சம் லேட்.

"சொல்லு தம்பி. அங்க?"

"நிலக்கரி."

"அப்ப உன் காரு நிலக்கரில ஓடுது."

"பெட்ரோல் காருக்கு அதுவும் கொஞ்சம் தேவலைதான்."

"'கொஞ்சம்'ங்கிற வார்த்தை இன்னைக்குத்தான் இவர் வாயில வருது," என்றாள் ரோண்டா.

மெர்ல் விடவில்லை. "நான் பொழுதுக்கும் வண்டியிலதான் கிடக்கேன். நீ எங்க ஓட்டுற?"

ரோண்டா முந்திக்கொண்டாள். "கடைக்கு. அப்புறம் நாலு பேர் பாக்கணும்னு தெருவுல ஒரு சுத்து."

"அப்ப இந்தக் காரு இருக்க வேண்டிய இடம் எது?"

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் ரோஸ்ட்டைப் பாராட்டியிருப்பான். நான் நெஞ்சை நிமிர்த்தி, "நியாயப்படி இங்கதான். வேணும்னா ஒரு வருஷம் வச்சுக்கோங்க!" என்றேன். 'சேச்சே, வேண்டாம்' என்பாள் என்று நம்பினேன்.

மெர்ல் கையை நீட்டினாள். "சாவி."

காருக்குப் பதிலாக மெர்ல் தந்த பிக்கப்பில் ஊர் திரும்பினோம். நாய் முடி, டெட்டால் வாடை, பின்னால் கரும்புகை. எங்கள் தெருவில் திரும்பியதும் பக்கத்து வீட்டு கேவின் தோட்டக் குழாயை மூடிவிட்டு வந்தான். அவன் அந்த மின்நிலையத்தில்தான் வேலை பார்க்கிறான்.

"என்னப்பா, நான் போடுற கரன்ட் பிடிக்கலையா?"

அவமானத்தில் வண்டியைக் கொட்டகைக்குப் பின்னால் நிறுத்தியவன்தான், அப்புறம் எடுக்கவே இல்லை. இப்போது கடைக்கு சைக்கிளில் போகிறேன். முழங்கால் முனகுகிறது. என் வாழ்க்கையில் புகை நிஜமாகவே குறைந்தது இப்போதுதான் என்று ரோண்டா எல்லோரிடமும் சொல்லிவருகிறாள்.

போன வாரம் மெர்ல் போன் செய்தாள். கார் அருமையாக ஓடுகிறதாம். ஒரே ஒரு கிழவருக்கு மட்டும் புகாராம்.

"முன்னாடியெல்லாம் என் வண்டிச் சத்தம் கேட்டுத்தான் கால்சட்டையைத் தேடுவாராம். இப்ப சத்தமே இல்லாம வந்து நிக்கிறேனாம், பாவம்."

காரைத் திருப்பிக் கேட்கத்தான் ரோண்டாவிடமிருந்து போனை வாங்கியிருந்தேன். சிரித்த சிரிப்பில் கேட்க மறந்துபோனேன்.