முயலுக்கு மட்டும் பழம்

அந்த ஊரில் பழம் முயல்களுக்கு மட்டும்தான். வீட்டுக்கு ஒரு முயல் உண்டு. செவ்வாயும் வெள்ளியும் முயல் அலுவலகத்திலிருந்து தனபால் சைக்கிளில் வருவார். ஆப்பிளின் விதைகளை நோண்டி எறிந்துவிட்டு, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு நறுக்கி முயலுக்குக் கொடுப்பார். அது மென்று முடிக்கும்வரை பக்கத்திலேயே குத்தவைத்திருப்பார். விதை ஆகாது. துண்டு பெரிதானால் வயிறு உப்பி முயல் செத்துப்போகும். மீதிப் பழத்தோடு அடுத்த வீட்டுக்குப் போவார்.

முப்பிடாதியின் மகள் பவிஷாவுக்கு நான்கு வயது. இருபது நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவள் சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டாக்டரம்மா பழம் கொடுக்கச் சொல்லியிருந்தார். முப்பிடாதி யாரிடமும் வாய்விட்டு ஒன்று கேட்டவளில்லை. மூன்று வெள்ளி, முயல் மெல்லுவதை மகளோடு நின்று பார்த்தாள். நாலாம் வெள்ளி மகளைத் தூக்கி முயலுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

“இதுவும் முயல்தான் சார்.”

தனபால் பிள்ளையின் பல்லைப் பார்த்தார். காதைத் தடவினார். புல் தின்னுமா என்று கேட்டார். கீரை தின்னும் என்றாள். பேசுமா என்றார். காய்ச்சலுக்கு அப்புறம் அவ்வளவாகப் பேசுவதில்லை என்றாள். அது உண்மைதான். பதிவேட்டை எடுத்து, பிள்ளைகள் பக்கத்திலிருந்த பவிஷா பேரை அடித்து, முயல்கள் பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

பவிஷாவுக்கும் ஒரு துண்டு கிடைத்தது. விழுங்கிவிட்டு வாயைத் திறந்தபடியே இருந்தாள்.

“இன்னொரு துண்டு குடுங்க சார். எலும்பா கெடக்கா.”

“முயலுக்கு இதுக்கு மேல ஆகாதும்மா. செத்துப்போச்சுன்னா நீதான அழுவ?”

அவர் அக்கறையாகத்தான் சொன்னார்.

அடுத்த வீட்டு செண்பகம் குழாயடியில் வைத்து, “ஒம் மக இனி பள்ளிக்கூடத்துக்குத் துள்ளிக்கிட்டே போவாளாக்கும்?” என்று கேட்டாள். முயல்களைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதில்லை என்று முப்பிடாதி மெதுவாகச் சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை தனபால் ஒரு படிவத்தோடு வந்தார். இரண்டு முயல் உள்ள வீட்டில் கூண்டு இருந்தாக வேண்டும். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கூண்டு இல்லை. மகளையும் முயலையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த முப்பிடாதியைப் பார்த்தார். கூண்டு என்ற இடத்தில் அவள் பேரை எழுதினார்.

உள்ளே காற்று போகட்டும் என்று அவள் கைகளைக் கொஞ்சம் விலக்கி வைத்துக்கொண்டாள்.