பட்டவன் கல்லுக்குச் சாட்சி

பரளச்சிக்குத் தெற்கே, உடைமரக் காட்டை ஒட்டி, பெத்தம்மாளுக்கு ஒரு துண்டுக் கரிசல் உண்டு. உண்டு என்றால் அவள் பேரில் இல்லை. அவள் புருஷன் சோலையின் கல் அதில் நிற்கிறது, அவ்வளவுதான். சோலை முதல் உலகச் சண்டைக்குப் பட்டாளத்தில் கடல் தாண்டிப் போய் பஸ்ராப் பக்கம் செத்தவன். உடம்பு வரவில்லை. கூடப் போன ஏசுவடியான்தான் திரும்பி வந்து, நெஞ்சில் குண்டு பட்டு விழுந்தான் என்று ஊரைக் கூட்டிச் சொன்னார். இரும்பால் செத்தவன் சாமியாச்சே, பட்டவன் என்று கல் நட்டுக் கும்பிட்டார்கள். சாமி நிற்கிற நிலத்தை அவன் பெண்டாட்டியிடமிருந்து பிடுங்க யாருக்குத் துணிச்சல் வரும்? சீக்கில் செத்திருந்தால் கல்லும் கிடையாது, காணியும் கிடையாது. பிள்ளையில்லாத முண்டச்சியை அன்றைக்கே பிறந்த ஊருக்கு வண்டியேற்றி விட்டிருப்பார்கள்.

மாசிச் சாமிகும்பிடு வந்தால் ஏசுவடியானும் வருவார். வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர், கல்லைக் கும்பிட மாட்டார். தள்ளி நின்று சோலை விழுந்த விதத்தைச் சொல்வார். அதைக் கேட்ட பிறகுதான் கிடாய் வெட்டு.

இப்போது உலகத்தில் இன்னொரு சண்டை நடந்துகொண்டிருந்தது. ஏசுவடியானுக்கோ புத்தி தடுமாறத் தொடங்கிவிட்டது. செத்துப்போன பெண்டாட்டி தெரசாளைக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்பார். போன மாசியில் சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நின்றுவிட, பெத்தம்மாள்தான் எடுத்துக்கொடுத்துச் சமாளித்தாள். கொழுந்தன் காளிராஜ் அதைக் கவனித்துவிட்டான். அடுத்த மாசியில் கிழவர் தானாகச் சொல்லட்டும், சொல்லாவிட்டால் கல்லைப் பிடுங்கிப் போட்டு ஏர் பூட்டுவேன் என்று ஊர்க்கூட்டத்தில் நின்றான்.

"சாமியத் தாங்கிப் பிடிக்க ஒரு கெழட்டு நாக்குத்தான் இருக்கா மதினி?" என்று சிரிப்பு வேறு.

தை பிறந்ததும் பெத்தம்மாள் கிழவரைத் தன் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டாள். அவருக்கும் வேறு நாதியில்லை. உட்காரவைத்து, சண்டை எப்படி நடந்தது என்று கேட்டாள்.

"சண்டை எங்க தாயி? சீக்காளிகள ஏத்துன படகுலதான செத்தான். கழிச்சல். நாந்தான் தொடச்சுவிட்டேன்."

இத்தனை வருசமும் அவளுக்குத் தெரியாத சேதி. ஆனாலும் அவள் முதலில் பார்த்தது தெருவைத்தான், யாரும் போகிறார்களா என்று. கதவைச் சாத்தினாள்.

"ஒன்னையே சொல்லிக்கிட்டுக் கெடந்தான். ஒங்கிட்டச் சொல்லச் சொல்லி..."

"அது வேண்டாம்ணே. குண்டச் சொல்லுங்க."

அன்றிலிருந்து அதுதான் பாடம். குண்டு என்றால் கஞ்சி. படகு என்றால் அவர் கண்ணெதிரே கஞ்சி ஆட்டுக்குப் போகும். அழுதார். கஞ்சிக் கும்பாவுக்கு நீட்டிய கையில் அகப்பையால் அடித்தாள். அடித்த இடம் வீங்கினால் மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டு மறுபடி கேட்டாள். மாசிக்குள் ஆள் பாதியாகிப் போனார், ஆனால் நாக்கு திருந்திவிட்டது.

சாமிகும்பிடு அன்று வெயிலில் நின்று ஒரு பிசிறில்லாமல் சொன்னார். காளிராஜ் விடவில்லை, அண்ணன் சாகும்போது வேறு ஏதாவது சொன்னானா என்று கேட்டான். கிழவர் குண்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். கடைசியில் காளிராஜே கிடாயின் காலைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் பெத்தம்மாள் ஒளித்துவைத்திருந்த அரிசியைப் பொங்கி, கும்பா நிறையப் போட்டு அவர் முன் வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள். காணி கையில் நின்றுவிட்டது, இனி யாருக்குப் பயப்பட வேண்டும்?

"அண்ணே, அவுக என்னமோ எங்கிட்டச் சொல்லச் சொன்னாகன்னீகளே. என்ன சொன்னாக?"

சோற்றுக்குப் போன கை பின்வாங்கியது.

"நெஞ்சுல குண்டு பட்டுச்சு. அப்பிடியே சாஞ்சான்."

"அது போதும்ணே. படகுல சொன்னத."

படகு என்றதும் ஏசுவடியான் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டார். அவள் அந்தக் கைகளை மெதுவாக விலக்கினாள். அடிக்க மாட்டேன் என்றாள், சாப்பிட்டுக்கொண்டே சொல்லுங்கள் என்றாள், நல்லா இருப்பீக என்று காலைக்கூடத் தொட்டாள்.

அவர் கும்பாவைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார். பிறகு, ஊருக்கே கேட்கிற மாதிரி, குண்டிலிருந்து ஆரம்பித்தார்.