மெட்டிக்கு அடியில்

என் இரண்டு கால்களிலும் மெட்டி விரல்தான் முதலில் அரித்தது. அப்புறம் சிவந்தது. அப்புறம் விரலிடுக்கு வெள்ளையாக ஊறித் தோல் உரிந்தது.

அத்தை முத்துமாரியம்மாள் கண்ணேறு என்று மஞ்சள் பூசினார். காரியாபட்டி நாத்தனார் போனிலேயே சர்க்கரை என்று முடிவு செய்தார். என் கணவர் பாண்டிமுருகன் மருந்துக்கடையில் ஒரு ட்யூப் வாங்கி வந்தார். பூசியதும் சிவப்பு அடங்கியது. நிறுத்தியதும் பக்கத்து விரல்களையும் கூட்டிக்கொண்டு வந்தது.

விருதுநகர் தோல் டாக்டர் தோலைக் கொஞ்சம் சுரண்டியெடுத்துப் பார்த்தார்.

“சேத்துப்புண்ணும்மா. பூஞ்சை.”

“நான் சேத்துல இறங்குனதே இல்லையே டாக்டர். வீடு பூராம் டைல்ஸ்.”

“ஈரம் போதும். மெட்டிக்கு அடியில காயவே இல்ல. அந்த ட்யூப்ல ஸ்டீராய்டு இருக்கு, பூஞ்சைக்கு விருந்து வச்சிருக்கீக. இந்தக் களிம்பப் போடுங்க, சிவப்பு போனப்புறமும் கொஞ்ச நாளைக்கு விடாம. காலக் கழுவுனா துடைச்சுக் காய வைங்க. ஆறுற வரைக்கும் மெட்டி வேண்டாம்.”

வீட்டில் சொன்னேன்.

“எம் மவன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில மெட்டியக் கழட்டுறதா?” என்றார் அத்தை. “அந்த டாக்டருக்குக் கல்யாணம் ஆயிருச்சா, கேட்டியா?”

கணவர் சட்னியைப் பார்த்துக்கொண்டே, “அம்மா மனசு சங்கடப்படும்ல” என்றார்.

நான் எம்.ஏ. படித்தவள். இவர் உயிர் என் கால்விரலில் தொங்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் குளியலறையில் மெட்டியைப் பாதி இழுத்ததும் வெம்பக்கோட்டைப் பக்கத்தில் இவர் தினம் போய் நிற்கிற எங்கள் பட்டாசுக் கம்பெனி ஞாபகம் வரும். கை தானாக அதை உள்ளே தள்ளிவிடும். தெரிவதும் பயப்படுவதும் எனக்குள் வேறு வேறு அறைகளில் குடியிருந்தன போலும். அரிப்புக்கு அந்தச் சிக்கல் இல்லை. பாதம் வரை வந்துவிட்டது.

ஒரு நாள் காலை அவர் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போனார். கொடுக்கப் போனேன். வேலை நேரத்தில் கம்பெனிக்கு நான் போனது அதுதான் முதல் முறை.

வாசலில் வேலைக்கு வந்த பெண்கள் வரிசையாகக் குனிந்து மெட்டியைக் கழற்றினார்கள். துணியில் முடிந்து, காவலுக்கு நின்ற வேலுத்தாயின் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டார்கள். பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தவர் என் கணவர்.

“இரும்போ வெள்ளியோ, ஒரு பொட்டு உள்ள வரக்கூடாது. எங்கயாச்சும் உரசிப் பொறி பறந்தா என் உசுருதான் போகும்.”

வேலுத்தாய் என் காலைப் பார்த்தாள். “அக்கா, நீங்களுந்தான்.”

“கழட்டுனா அவுகளுக்கு ஒண்ணும் ஆகாதே?” மெதுவாகத்தான் கேட்டேன்.

“நான் தெனம் கழட்டுதேன். எம் புருசனுக்கு ஒரு தும்மல்கூட வரல. நானும் பாக்கேன்.”

வரிசையில் சிரிப்பு ஓடியது. எல்லாரும் முதலாளியைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார்.

“கழட்டு” என்றார்.

கழற்றித் துணியில் முடிந்து டப்பாவில் போட்டேன். விரலைச் சுற்றிச் சிவப்பு வளையம் இருந்தது. அதன்மேல் காற்றுப் பட்டது. கண்ணாடியைக் கொடுத்துவிட்டு, டப்பாவைத் திரும்பிப் பார்க்காமல் மெட்டியில்லாத காலோடு வீடு வந்தேன்.

சாயங்காலம் அவரே துணிமுடிச்சைக் கொண்டுவந்து களிம்புக்குப் பக்கத்தில் வைத்தார். அத்தை என் காலைப் பார்த்தார்.

“கம்பெனி ரூல் அத்தை. உங்க மவன் உசுருக்காகத்தான்” என்றேன்.

அத்தை மகனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். குறை ஒன்றும் தட்டுப்படவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“நாளைக்கும் கம்பெனிக்குப் போவியா?”

“போவேன்.”

“தீவாளி சீசன் முடியுற வரைக்கும் போ. தெனம் என்னத்துக்குப் போட்டுக் கழட்டிக்கிட்டு” என்றார். துணிமுடிச்சை எடுத்துத் தன் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

நான் விரலிடுக்கைத் துடைத்துக் களிம்பை எடுத்தேன்.