ஜீப்பில் விரித்த சாக்கு

நான் நினைவில் வைத்திருப்பது சரிதானா என்று தெரியவில்லை. நான் அந்த ஜீப்பில் இல்லை. அண்ணன் மனைவி முருகம்மாள் மதினி சொன்னதைத்தான் நேரில் பார்த்ததுபோல் வைத்திருக்கிறேன்.

கம்பத்திலிருந்து விடியலில் குமுளி மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப். ஒரு வளைவில் தூக்கிப்போட்டபோது மதினிக்குச் சிறுநீர் கசிந்து சேலை நனைந்துவிட்டது. மறுநாள் அவள் இடத்தில் உரச்சாக்கு ஒன்று விரித்திருந்தது. தன்னைக் குத்திக்காட்டத்தான் என்று பட்டது. அவள் ஏறாமல் திரும்பிவிட்டாள்.

மகன் பிறந்ததிலிருந்தே இருக்கிற தொல்லை. வேலை நாளில் சாயங்காலம் வரை தண்ணீரே குடிக்காமல் சமாளித்திருக்கிறாள். அண்ணனுக்குக்கூடத் தெரியாது. மலை வேலை கைவிட்டுப் போனால் வீட்டில் தன் பேச்சு எடுபடாமல் போய்விடும் என்று பயந்தாள்.

"இதுக்கெல்லாமா டாக்டரு, அனுசுயா?" என்றவளை நான்தான் சாராளிடம் கூட்டிப்போனேன். மருந்துக்கடை மாடியில் பெண்களுக்கு மட்டும் பிசியோதெரபி பார்ப்பவர். தொட்டுப் பார்க்க மதினி சம்மதிக்கவில்லை. அதனால் சிறுநீரை அடக்கும் தசைக்கான பயிற்சியை வாயால் சொல்லி அனுப்பினார். மதினி விடாமல் செய்தாள். தொல்லை கூடியது. மறுபடி இழுத்துக்கொண்டு போனேன்.

திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னைக்கி கை வைக்கலாமாக்கா? வேணாம்னா விட்ருவேன்."

பதில் வர வெகுநேரம் ஆனது. சாராள் இரண்டாம் முறை கேட்கவில்லை. புத்தகம் வாசிக்கும்போது ஒரு வரியில் நான் அப்படி நின்றுவிடுவதுண்டு. ஒரு மனுஷிக்காக அப்படி நிற்பவரை அன்றுதான் கண்டேன்.

"வைம்மா."

"வீட்ல செய்ற மாதிரியே செய்யுங்க."

மதினி மூச்சை இறுக்கிப் பிடிப்பது எனக்குக் கேட்டது.

"அக்கா, கீழ முக்குறீக. மேல இழுக்கணும்."

"ஆஸ்பத்திரில அம்புட்டுப் பேரும் முக்குன்னுதான சொன்னாக."

"அது பிள்ள வர்றதுக்கு. அவந்தான் பத்தாவது படிக்கிறானே."

"போதும்னு யாரும் சொல்லலையேம்மா."

சாராள் சிரிக்கவில்லை. "ஆளுக நெறஞ்ச ஜீப்புல காத்துப் பிரியப் பாத்தா என்ன செய்வீக?" என்றார்.

"அந்த மலைப் பாதையிலயா? அடக்கித்தான் ஆகணும்."

"அதேதான். மூச்ச மட்டும் பிடிக்காம விடுங்க… ஆங், இப்ப மேல வருது. தண்ணியக் கொறைக்காதீக, அது இன்னும் கெடுக்கும்."

திரைக்குப் பின்னால் மதினி அழுதாளா சிரித்தாளா, எனக்குப் பிடிபடவில்லை.

மழைக்காலம் கழித்து ஜீப்புக்குப் போனாள். அதே இடத்தில் அதே சாக்கு. அதன்மேல் இருந்த தேவயானி நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏஞ்சாக்குதேன்க்கா. நான் தெனமும் அதுலதேன் ஒக்காருவேன். அன்னைக்கி ஒனக்காண்டி தள்ளி விரிச்சேன், நீ பாட்டுக்குப் போயிட்ட."

குமுளி செக்போஸ்ட் வந்ததும் மதினி அவள் பக்கம் திரும்பினாள். "சாயங்காலம் ஏங்கூட எறங்கு," என்றாளாம்.

மதினி இப்போதும் மலைக்குப் போகிறாள். பலமாகத் தும்மினால் மட்டும் இன்னும் பயம். தேவயானி சாராளிடம் பயிற்சிக்குப் போகிறாள். சாராள் அதே மாடியில்தான் இருக்கிறார். அண்ணனுக்கு எதுவும் தெரியாது. மலையடிவாரத்து லோயர் கேம்ப் தாண்டுவதற்குள் மதினியின் தண்ணீர் பாட்டில் பாதி காலியாகிவிடுகிறது.