அம்மாவின் மூச்சுக்குப் பதினெட்டு வாத்தியம்

ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அப்பா திரும்பினார். "மேல் வீட்டுல போய்ச் சொல்லிட்டு வா, சாயங்காலம் வரைக்கும் ஷூ போட்டு நடக்க வேண்டாம்னு."

சோலாஞ்ச் போகவில்லை. படுக்கையறையில் அம்மா ஜினெத்துக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே இருந்த இடைவெளி காலையைவிட நீண்டிருந்தது. ஒவ்வொரு இடைவெளியிலும் சோலாஞ்சும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா எர்வே பெரிய இசையமைப்பாளர். பாரிஸில் அப்படிச் சொல்பவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். ஓர் ஓசையை இயந்திரத்தில் கொடுத்து, அதற்குள் அடங்கிய நுண்சுரங்களைப் பிரித்தெடுத்து, வாத்தியத்துக்கு ஒன்றாகப் பங்குவைப்பது அவருடைய வழி. ஒரு கதவின் கிறீச்சலைப் பதினெட்டு வாத்தியங்களில் அரைமணி நேரம் நீட்டியிருந்தார். பிரபஞ்சத்தின் வாசல் திறந்தது என்றார்கள் விமர்சகர்கள். திறந்தது கழிவறைக் கதவு. அதன் கீலுக்கு எண்ணெய் விட அம்மாவுக்குப் பல வருடம் தடை.

இப்போது அம்மாவின் மூச்சு. தலையணை அருகில் மைக். கட்டிலுக்கு நாலடி தள்ளி, ஹெட்போனும் காதுமாக அப்பா.

"அந்த ஆக்சிஜன் மெஷினை ஒரு நிமிஷம் நிறுத்துங்களேன்," என்றார் நர்ஸிடம். "அதோட ரீங்காரம் கீழ்ச் சுரத்தையெல்லாம் முழுங்குது."

"அதை நிறுத்தினா இவங்களும் நின்னுடுவாங்க, முசியே."

அம்மா கண் திறந்து மகளைப் பார்த்தாள். "இத்தனை வருஷம் நான் பேசினதைக் கேக்கல உங்கப்பா. மூச்சு விடறதை எப்படிக் கேக்கறார் பாரு." சிரிப்பு இருமலானது. அப்பா அவசரமாக ஒலியைக் குறைத்தார்.

சோலாஞ்ச் அவர் பக்கம் குனிந்தாள். "அதைக் கழட்டிட்டு வாங்கப்பா. அவங்க கையைப் பிடிச்சுட்டு உக்காருங்க, போதும்."

"இப்பதான் நான் அவளுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கேன். உனக்குக் கேக்காததெல்லாம் எனக்குக் கேக்குது."

"நீங்க இருக்கீங்கன்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

"இன்னும் கொஞ்ச நேரம்."

அம்மா மூச்சை விட்டாள். சோலாஞ்ச் அடுத்ததற்காகக் காத்திருந்தாள். தன்னால் முடிந்தவரை பிடித்துப் பார்த்து, முடியாமல் விட்டாள். நர்ஸ் வந்து அம்மாவின் கழுத்தில் இரண்டு விரலை வைத்தாள். பிறகு மெஷினை அணைத்தாள்.

அப்பாவின் நெற்றி சுருங்கியது. குமிழைத் திருகி ஒலியைக் கூட்டினார். இன்னும் கூட்டினார்.

"லைன் போயிடுச்சு," என்றார்.

சுவரில் பிளக்கை அழுத்திப் பார்த்தார், சரியாக இருந்தது. பதிவுக் கருவியின் இணைப்பும் சரி. ஹெட்போனைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, மைக் ஒயரை விரலால் தடவிக்கொண்டே கட்டில்வரை வந்தார். எங்காவது நசுங்கியிருக்குமோ என்று போர்வைமேல் கிடந்த ஜினெத்தின் கையைத் தூக்கிப் பார்த்தார்.

அடியில் ஒயர் இல்லை.

தூக்கிய கையை அவர் கீழே வைக்கவில்லை.