வூட்டு வண்டியின் தண்ணீர்த் தொட்டி

எண்பதாம் வருஷம் தை மாதம் அரியலூரில் என் அரிசி மில்லின் களத்துக்கு ஒரு வீடு வந்து நின்றது. சக்கரம் வைத்த வீடு. உள்ளே கட்டில், அடுப்பு, அலமாரி, ஜன்னலுக்குத் திரை. பார்த்தவர்கள் எல்லாரும் அதை ‘வூட்டு வண்டி’ என்றார்கள், நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன்.

வெர்னர் என்கிற ஜெர்மன்காரர், அவர் மனைவி இங்கிரிட், நாலு வயது மகள் லேனா, மூன்று பேரும் அதை ஓட்டிக்கொண்டு தரை வழியாகவே இந்தியாவுக்கு வந்திருந்தார்கள். வெர்னர் கல் ஆராய்ச்சி செய்கிறவர். எங்கள் பக்கத்து ஓடைகளில் கல்லாகிப்போன நத்தையும் சிப்பியும் கிடைக்கும். ஆடு மேய்க்கிறவர்கள் காலால் எத்திவிட்டுப் போகிற அந்தக் கற்களை அவர் மண்டி போட்டுப் பொறுக்கினார். வண்டியை நிறுத்த நிழலும் காவலும் உள்ள இடம் அவருக்கு வேண்டியிருந்தது. இங்கிலீஷ் பேசுகிற ஆளாக நான் அகப்பட்டேன்.

ஊரே வந்து கட்டிலைப் பார்த்தது. கட்டிலில் பார்க்க என்ன இருக்கிறது? எனக்குப் பிடித்துப்போனது தண்ணீர்த் தொட்டி. உட்காரும் பலகைக்கு அடியில் வெள்ளைப் பிளாஸ்டிக்கில் செய்தது, நாலைந்து குடம் பிடிக்கும். மேலே கை நுழைகிற அளவுக்கு ஒரு வாய், அதற்குத் திருகு மூடி. அடியில் ஒரு திறப்பு. வண்டிக்குக் கீழே படுத்து அதைத் திருகினால் தண்ணீர் முழுக்கத் தரையில் இறங்கிவிடும். பாத்திரம் கழுவுகிற இடத்தில் காலால் ஒரு கட்டையை மிதித்தால் குழாயில் தண்ணீர் வரும். கரண்ட் கிடையாது, மோட்டார் கிடையாது. எப்படி வருகிறது என்று மிதித்து மிதித்துப் பார்த்ததில் அவர்களுடைய தண்ணீரில் பாதியை நானே தீர்த்துவிட்டேன். அந்தம்மாவின் முகம் சுருங்கியது.

காரணம் பிறகுதான் தெரிந்தது. மாசி பிறந்ததும் சூரிய கிரகணம் வந்தது. ஹைதராபாத் பக்கம் போனால் சூரியன் முழுசாக மறைவதைப் பார்க்கலாம் என்று மூன்று பேரும் வண்டியை என்னிடம் விட்டுவிட்டு ரயிலில் கிளம்பினார்கள். கிளம்புவதற்கு முன் இங்கிரிட் என்னைக் கூப்பிட்டுத் தொட்டியைக் காட்டினாள். வரும் வழியில் துருக்கியில் ஓர் ஊரில் இதே மாதிரி கொஞ்ச நாள் வண்டியை நிறுத்திவிட்டுப் போனார்களாம். தொட்டியில் மிச்சத் தண்ணீர் கிடந்திருக்கிறது. மூடிய தொட்டி, உள்ளே சூடு, வழவழவென்று அழுக்குப் பிடித்துவிட்டது. அது தெரியாமல் மேலேயே நிரப்பிக் குடித்ததில் குழந்தை வயிற்றுப்போக்கில் சுருண்டு ஆஸ்பத்திரியில் கிடந்ததாம். பிழைப்பது கஷ்டம் என்றே டாக்டர் சொல்லிவிட்டாராம்.

அதனால் தொட்டியை ஒட்ட வடித்துவிட வேண்டும். அடித் திறப்பும் குழாயும் திறந்தே இருக்க வேண்டும். மூடியைக் கழற்றி, காற்று போகிற மாதிரி, பூச்சி போகாத மாதிரி, வாயில் மெல்லிய துணி கட்ட வேண்டும். திரும்பி வந்து அவளே கழுவி அவளே நிரப்புவாள்.

“உள்ளே எதுவும் போகக் கூடாது, மிஸ்டர் அமிர்தலிங்கம். நீங்கள் ஒன்றுமே செய்யாமல் இருப்பதுதான் நான் கேட்கிற உதவி,” என்றாள்.

ஒன்றும் செய்யாமல் இருப்பது எனக்குக் கைவந்த கலை என்று என் மனைவி கமலவேணி பல தடவை சொல்லியிருக்கிறாள். ஆனால் அவளால் அது முடியாது. கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேலாகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. லேனா வந்த மறுநாளிலிருந்து அந்த மஞ்சள் தலைக்கு எண்ணெய் வைப்பதும் பூ வைப்பதும் இவள் வேலையாகிவிட்டது. பிள்ளையும் ‘தண்ணி’, ‘சோறு’, ‘போதும்’ என்று பேசப் பழகியிருந்தது. அப்படிப்பட்ட பிள்ளையைக் கிரகணம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்றதும் இவளுக்கு ஈரக்குலையே நடுங்கியது. எங்கள் பக்கத்தில் கிரகணம் பிடித்தால் பிள்ளைகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவோம். எடுத்துச் சொல்லுங்கள் என்று என்னை நச்சரித்தாள். சொன்னேன். இங்கிரிட் சிரித்துக்கொண்டே கறுப்பு பிலிம் ஒட்டிய அட்டையை எடுத்துக் காட்டி, கண்ணுக்கு ஒன்றும் ஆகாது என்றாள்.

அவர்கள் போன பிறகு தினமும் ஒரு தடவை துணியை விலக்கி, டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். முதலில் ஈர வாசனை, அப்புறம் வெறும் பிளாஸ்டிக் வாசனை, கடைசியில் ஒரு வாசனையும் இல்லை. ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் ஈரம் காயாமல் நின்றது. தண்ணீர் இல்லாத தொட்டியைப் போய் இவ்வளவு ரசிக்கிற ஆள் நானாகத்தான் இருப்பேன். கமலவேணிக்கு அந்தக் காலித் தொட்டி நெஞ்சில் முள். அரிசி தீர்ந்துபோனால்கூட ‘இல்லை’ என்று சொல்லாமல் ‘நிறைஞ்சிருக்கு’ என்று சொல்கிற பெண் அவள். ஒரு குடமாவது ஊற்றி வைக்கட்டுமா என்று கேட்டுப் பார்த்தாள். கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

கிரகணத்தன்று மில்லுக்கு லீவு. காவல்காரன் தங்கராசு மத்தியானமே வீட்டுக்குப் போய் அடைந்துகொண்டான். கல்லங்குறிச்சிக் கோயிலில் வாங்கி வந்த தர்ப்பைப் புல்லைக் கமலவேணி குடம், அண்டா, மோர்ச்சட்டி, ஊறுகாய் ஜாடி என்று ஒன்று விடாமல் போட்டாள். தர்ப்பை கிடந்தால் கிரகணத்தின் தோஷம் தண்ணீரிலும் சாப்பாட்டிலும் இறங்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நான் ஜன்னல் இடுக்கு வழியாக வெயில் மங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு தொட்டியைப் பார்க்கிற ஆசையும் எனக்கு ஓய்ந்துவிட்டது.

திருச்சியிலிருந்து பஸ்ஸில் அவர்கள் வந்து இறங்கினபோது லேனா இங்கிரிட்டின் தோளில் துவண்டு கிடந்தது. உடம்பு லேசாகச் சுட்டது. கையில் கொண்டுபோன தண்ணீர் வழியிலேயே தீர்ந்துவிட்டதாம், வெளியில் வாங்கிக் கொடுக்க அந்தம்மாவுக்குப் பயம். வந்ததும் வராததுமாகத் தொட்டியைக் கழுவ இரண்டு குடம் ஊற்றச் சொன்னாள். வெர்னர் ஊற்றினார். நான் வண்டிக்குக் கீழே குனிந்து பார்த்தேன். அடித் திறப்பு திறந்துதான் இருந்தது, ஆனால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது.

இங்கிரிட் கையைத் தோள்வரை உள்ளே விட்டுத் துழாவினாள். வெளியே எடுத்தபோது விரல்களுக்கு நடுவில் ஒரு பிடி புல். திறப்பில் போய் அடைத்துக்கொண்டு, ஈரத்தில் நுனி கறுத்துப் பூசணம் பூத்திருந்தது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. இனி மருந்துப் பொடி கரைத்து ஊற்றி, நாள் முழுக்க ஊறவைத்துக் கழுவினால்தான் அந்தத் தொட்டி உதவும். அதுவரை பிள்ளைக்குக் குடிக்க அவள் நம்புகிற தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. இதை யார் செய்தது என்று என்னைக் கேட்டாள். எனக்கு அவமானத்தில் காது அடைத்தது. தங்கராசுவைக் கூப்பிட்டு, எந்தப் பயலை உள்ளே விட்டாய் என்று கத்தினேன்.

“அவரை ஏன் திட்டுறீங்க? நாந்தான் போட்டேன்,” என்றாள் கமலவேணி.

வாசற்படியில் நின்றிருந்தாள். அவளே மேலே சொன்னாள்.

“தண்ணி ஊத்தக் கூடாதுன்னாங்க, ஊத்தல. புள்ள கெரகணத்தக் கண்ணால பாக்கப் போவுது, அத நம்மால தடுக்க முடியல. அது வந்து தண்ணி குடிக்கிற தொட்டியாச்சும் நல்லா இருக்கட்டும்னு போட்டேன். எடுக்கப் போனேன், கைக்கு எட்டல. அப்படியே சொல்லுங்க அந்தம்மாகிட்ட.”

அப்படியே சொன்னேன். ‘தோஷம்’ என்ற சொல்லுக்கு எனக்கு இங்கிலீஷ் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத அழுக்கு என்றேன். இங்கிரிட் புல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் ஆயுசுக்கும் பயப்படுவதும் கண்ணுக்குத் தெரியாத அழுக்குக்குத்தான். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது, அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும். ஆனாலும் கோபம் தணியவில்லை. புல்லைத் தரையில் போட்டுவிட்டுப் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

அந்த நேரத்தில் லேனா தலையைத் தூக்கிக் கமலவேணியைப் பார்த்து, “தண்ணி,” என்றது.

கமலவேணி கையை நீட்டவில்லை. கொடுக்கலாமா என்று கண்ணாலேயே இங்கிரிட்டைக் கேட்டாள். கொதிக்க வைக்க வேண்டும், நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன் என்றாள் இங்கிரிட்.

எங்கள் சமையல்கட்டில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிற வரைக்கும், இறக்கி ஆற்றுகிற வரைக்கும், இரண்டு பெண்களும் அடுப்பருகிலேயே நின்றார்கள். டம்ளரில் ஊற்றியதும் இங்கிரிட்டின் கண்ணில் மறுபடியும் சந்தேகம் வந்தது. கமலவேணி அதைப் பார்த்தாள். தண்ணீர் நல்லதுதான் என்று காட்ட, டம்ளரை உதட்டில் வைத்து ஒரு வாய் குடித்தாள். அண்ணாந்து அல்ல, உதடு படவே குடித்தாள். பிறகு அதே டம்ளரை லேனாவின் வாயில் வைத்தாள். இங்கிரிட் தலையை ஆட்டினாள், நம்பிவிட்டாள்.

அந்தம்மா பார்த்தது அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் எச்சில் பட்ட தண்ணீரை யாரும் அடுத்தவருக்குக் கொடுக்க மாட்டோம். பெற்ற தாய் மட்டும்தான் தான் வாய் வைத்துக் குடித்த டம்ளரைப் பிள்ளைக்குக் கொடுப்பாள். லேனா கண்ணை மூடிக்கொண்டு மடமடவென்று குடித்தது, கமலவேணியின் கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. ஏன் அழுகிறாள் என்று இங்கிரிட் என்னைக் கேட்டாள். புகை என்று சொன்னேன்.